பேஸ் உள்ளே வீடா, வெளியே வாடகையா? கரன்ட் பில்லை வைத்து ஒரு கணக்கு

"அக்கா, ஆர்டர் வந்துடுச்சு. உள்ளே வீடு கேட்டா வெயிட்டிங் லிஸ்ட்ல போடறேங்கறாங்க. வெளியே பார்த்தா வாடகை பி.ஏ.எச்.சை விட இருநூத்தம்பது டாலர் கம்மியா வருது. எதை எடுக்கறது?"

கோடை நெருங்கினால் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருக்காது. (பேஸ் என்றால் ராணுவ முகாம், ஆர்டர் என்றால் ஊர் மாற்றல் உத்தரவு, பி.ஏ.எச். என்றால் வீட்டுச் செலவுக்கு ராணுவம் தருகிற படி.) அமெரிக்க ராணுவத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஆனாலும் வெளியில் இருப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். 2009 முதல் 2016 வரை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வழியில் சேர்ந்தவர். அதற்குப் பிறகு நாலு ஊர், அஞ்சு வீடு: பேஸுக்குள்ளே இரண்டு, வெளியே வாடகைக்கு இரண்டு, ஜெர்மனியில் ஒன்று.

எல்லாரும் பி.ஏ.எச்.சிலிருந்து வாடகையைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். நானும் அப்படிப் பார்த்து இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது வேறு. அந்த வீட்டு ஏசி கெட்டால் சரிசெய்ய வேண்டியது யார், கெட்டுப்போன ஏசி தின்கிற கரன்டுக்குக் காசு கட்டுவது யார்? இரண்டும் ஒரே ஆள் என்றால் பிரச்சினையில் பாதி இல்லை. வேறு வேறு ஆளாக இருக்கும்போதுதான் வம்பு, நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது அந்த மாதிரி வீடுகளில்தான்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

பில் எந்த அடிப்படையில் வருகிறது என்பது முதல் விஷயம். நாம் செலவழித்த யூனிட்டுக்கு நேராக வருகிறதா, அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டு வருகிறதா, இல்லை வரவே வராதா? அடுத்தது மேலே சொன்ன ஏசி கேள்வி. மூன்றாவது, ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் அந்தத் தொகை எவ்வளவு ஏறி இறங்கும் என்பது. மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு ஒரு மாதம் 90 டாலரும் இன்னொரு மாதம் 340 டாலரும் வந்தால் சராசரியைச் சொல்லி யாரும் ஆறுதல் தர முடியாது. நான்காவது, நடுவில் ஆர்டர் வந்தால் எவ்வளவு சுலபமாகக் கழற்றிக்கொண்டு கிளம்ப முடியும்.

கடைசியாக ஒன்று, அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் பகல் முழுக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடும், கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வந்த மாமியாரும் இருக்கிற வீடும் ஒன்றல்ல.

இதற்கு மேல் போவதற்கு முன் பி.ஏ.எச். பற்றி ஒரு வார்த்தை. அது வாடகைக்கு மட்டும் தருகிற பணம் இல்லை. வாடகையோடு மின்சாரம், ஹீட்டிங், தண்ணீர், கழிவுநீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் எந்த வீட்டுக்கான செலவு? குடும்பத்தோடு இருக்கும் இ-5 பதவிநிலைக்காரர் என்றால் இரண்டு படுக்கையறை டவுன்ஹவுஸ், இ-6 என்றால் மூன்று படுக்கையறை டவுன்ஹவுஸ். டவுன்ஹவுஸ் என்றால் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும், வெயிலும் குளிரும் அந்தப் பக்கத்திலிருந்து வராது. நீங்கள் இ-5 ஆக இருந்துகொண்டு நாலு பக்கமும் காற்று அடிக்கிற தனி வீட்டை எடுத்தால், கரன்ட் பில் விஷயத்தில் பி.ஏ.எச். உங்களுக்குத் துணை வராது. அதுவும் போக, 2015 தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2019 முதல் சராசரி வீட்டுச் செலவில் 5 சதவீதத்தை நம் கையிலிருந்தே போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, "பி.ஏ.எச். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று ரெக்ரூட்டர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

## பேஸ் உள்ளே, தனியார் நிறுவனம் நடத்தும் வீடு

பேஸுக்குள் இருக்கிற வீடு அரசாங்க வீடு என்று ஊரில் அம்மா அப்பா நினைத்துக்கொள்வார்கள். இல்லை. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த தனியார்மயத் திட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவுக்குள் இருக்கும் ராணுவக் குடும்ப வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே, சுமார் 2 லட்சம் வீடுகள், தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. உங்கள் பி.ஏ.எச். அப்படியே வாடகையாக அங்கே போய்விடும். தண்ணீர், குப்பை, முன்பக்கப் புல்வெளி எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். கரன்டும் அடக்கம்தான், ஆனால் ஒரு அளவு வரைக்கும்.

அந்த அளவு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி சண்டை தீர்ந்தது. பழைய அரசுக் குவார்ட்டர்ஸ் காலத்தில் கரன்ட் முழுக்க இலவசம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஏசி ஓடும், கேட்பார் கிடையாது. தனியார் வீடுகளில் கரன்டுக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்று பென்டகன் 1998-லேயே கொள்கை வகுத்துவிட்டது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்.இ.சி.பி. என்கிற சிக்கனத் திட்டம். கடற்படையும் மரீன் படையும் 2011-இல் ஹவாயிலும் தென் கரோலினாவின் போஃபர்ட் பக்கத்திலும் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். தரைப்படையில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஒரே அளவு, ஒரே வயது, ஒரே மாதிரி கட்டிய வீடுகளை ஒரு குழுவாகச் சேர்க்கிறார்கள். அந்தக் குழுவின் அந்த மாதச் சராசரியை எடுத்து, அதற்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்குள் இருந்தால் ஒன்றும் இல்லை, தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் பில், கீழே போனால் உங்களுக்குப் பணம். உதாரணத்துக்கு, சராசரி 1,200 யூனிட், விட்டுக்கொடுப்பது இரண்டு பக்கமும் 10 சதவீதம் என்று வையுங்கள். 1,080-லிருந்து 1,320 வரை நிம்மதி. நீங்கள் 1,500 ஓட்டினால் 180 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். யூனிட் 13 சென்ட் என்றால் 23 டாலர் 40 சென்ட். வெளியே வீடு என்றால் இதே 1,500-க்கு 195 டாலர் கட்டியிருப்பீர்கள். இப்படிப் பார்த்தால் உள்ளே இருப்பது கொள்ளை லாபம்.

அப்படித்தான் நானும் நினைத்தேன்.

எங்கள் முதல் உள்ளே-வீட்டில் ஹீட் பம்ப் (கோடையில் ஏசியாகவும் குளிர்காலத்தில் ஹீட்டராகவும் ஓடுகிற யந்திரம்). ஜனவரியில் வந்த கணக்கில் குழுச் சராசரி 1,150 யூனிட், எங்களுடையது 2,310. எனக்கு நம்ம ஊர் இபி கார்டில் 500 தாண்டிவிட்டால் வயிற்றைக் கலக்குகிற பழக்கம், இதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயம் அம்மா வேறு வந்திருந்தார். 68 டிகிரி ஃபாரன்ஹீட் அவருக்குப் பனிமலை, 75-க்குக் கீழே இறக்க விடமாட்டார். சரி, அம்மாவால்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தோசை மாவு புளிக்க ராத்திரி முழுக்க ஓவன் லைட்டைப் போட்டு வைப்பதைக்கூட நிறுத்தினேன் (40 வாட் பல்பு, பத்து மணி நேரம், 0.4 யூனிட். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் மாவாவது ஒழுங்காகப் பொங்கியிருக்கும்). பிறகு ஒரு நாள் குப்பை போட வெளியே போனபோதுதான் கவனித்தேன், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற யூனிட்டில் மின்விசிறி சுற்றவே இல்லை. தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று ஒரு சின்ன சிவப்பு விளக்கு அஞ்சு வாரமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதாவது ஹீட் பம்ப் செத்துப்போய், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள்தான் வீட்டையே சூடாக்கிக்கொண்டிருந்தது. ஹீட் பம்ப் எடுப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு கரன்டை அது இழுக்கும். இரண்டு வொர்க் ஆர்டர் (பழுதுப் புகார்) போட்டு, பாகம் வரக் காத்திருந்து, சரியானது பிப்ரவரி கடைசியில். அதற்குள் 125 டாலர் சொச்சம் பில் வந்துவிட்டது. வீட்டை நிர்வகித்த நிறுவனம் முதலில் "உங்கள் பயன்பாடு" என்றது. வொர்க் ஆர்டர் தேதிகளைக் காட்டிய பிறகு பாதியைத் தள்ளிவிட்டார்கள், மீதிப் பாதிக்கு எனக்கு அலையத் தெம்பு இல்லை.

அதனால் உள்ளே இருக்கிற வீட்டின் மறைமுகச் செலவு வாடகைத் தாளில் தெரியாது. யந்திரம் அவர்களுடையது, மீட்டர் உங்கள் பெயரில். இன்னொன்று, ஒப்பீடு நடப்பது வீடுகளுக்கு இடையில், குடும்பங்களுக்கு இடையில் இல்லை. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கும், கணவன் டிப்ளாய்மென்ட் (குடும்பத்தை விட்டு வெளியிடப் பணி) போய் மனைவி ஊருக்குப் போய் பூட்டிக் கிடக்காத குறையாக இருக்கிற வீட்டுக்கும் ஒரே சராசரி. எல்லாரும் சிக்கனம் பிடித்தால் சராசரியும் கூடவே இறங்கும், அதனால் போன வருஷம் பணம் திரும்ப வாங்கியவர் அதே அளவு செலவழித்து இந்த வருஷம் கட்ட வேண்டி வரலாம். வீட்டில் மருத்துவக் கருவி ஓடுகிறது என்றால் விலக்கு கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

இந்தக் குறைகளெல்லாம் பெரிதாகி, பூஞ்சையும் எலியும் ஒழுகும் கூரையுமாக 2018-19-இல் ராணுவ வீடுகள் செய்தியில் அடிபட்ட பிறகு, 2019 டிசம்பரில் கையெழுத்தான 2020-க்கான பாதுகாப்புச் சட்டம் ஆர்.இ.சி.பி.-க்குக் கடிவாளம் போட்டது. வீடு ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் இருக்கிறது என்று உறுதிப்படுத்தாமல் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் இன்றைக்கு ஒரு பேஸில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஹவுசிங் ஆபீஸில் "கரன்ட் உண்டா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நிஜமாகவே காசு கேட்கிற லைவ் பில்லிங்கா, வெறும் கணக்கு மட்டும் காட்டுகிற மாக் பில்லிங்கா, ஒன்றுமே இல்லையா, என் வீடு எந்தக் குழுவில் வருகிறது, அந்தக் குழுவில் எத்தனை வீடு" என்று கேளுங்கள். நாலைந்து வீடு மட்டுமே இருக்கிற குழு என்றால் ஒரு வீடு காலியானாலும் சராசரி ஆட்டம் காணும்.

அதே சட்டத்திலிருந்து வந்த குடியிருப்போர் உரிமைகளில் நமக்கு மிகவும் உபயோகமானது ஒன்று உண்டு: கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அந்த வீட்டின் கடந்த 7 வருஷப் பராமரிப்பு விவரத்தைக் கேட்டு வாங்கலாம். நான் அதில் தேடுவது ஏசி, ஹீட் பம்ப், டக்ட், ஜன்னல், வாட்டர் ஹீட்டர் இந்த அஞ்சு மட்டும்தான். ஒரே கோடையில் மூன்று தடவை 'கூலிங் இல்லை' என்று புகார் இருந்தால் அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தாளை அப்படியே நம்பவும் வேண்டாம். பால்ஃபோர் பீட்டி கம்யூனிட்டீஸ் நிறுவனம் ஊக்கத்தொகைக்காகப் பராமரிப்புப் பதிவுகளைத் திருத்தியதாக 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. எனவே தாளையும் பாருங்கள், பக்கத்து வீட்டு அம்மாவையும் கேளுங்கள்.

## வெளியே வாடகை, பில் உங்கள் பெயரில்

இங்கே பி.ஏ.எச். உங்கள் கையில் வரும். மிச்சம் பிடித்தால் உங்களுக்கு, ஏறினால் உங்கள் தலையில். சிக்கனம் பிடிக்கிற ஆளுக்கு இதுதான் நேர்மையான முறை, சராசரி கிராசரி எதுவும் இல்லை. ஒரு பேஸில் மூன்று வருஷம் இருக்கும்போது உங்கள் ஊர் பி.ஏ.எச். விகிதம் குறைந்தாலும் உங்களுக்குக் குறைக்க மாட்டார்கள், ஏறினால் மட்டும் ஏற்றுவார்கள். அது ஒரு நிம்மதி.

ஆனால் 'வெளியே' என்பது ஊருக்கு ஊர் வேறு. டெக்ஸஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறி மறுபடியும் பழைய பெயருக்கே வந்துவிட்ட ஃபோர்ட் ஹூட் பக்கம் கிலீனில் வீடு எடுத்தால் கரன்ட் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே டஜன் கணக்கில் கம்பெனிகள். சான் அன்டோனியோ என்றால் நகராட்சியின் சி.பி.எஸ். எனர்ஜி ஒன்றுதான். ஃபோர்ட் பிளிஸ் இருக்கிற எல் பாசோவிலும் ஒரே கம்பெனி. தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் நல்லதுதானே என்பீர்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

திட்டத்தின் பெயரில் யூனிட் 6 சென்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உண்மையில் யூனிட் 16 சென்ட், மாதம் 1,000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் கழிவு. சரியாக ஆயிரம் ஓட்டினால் 160-இல் 100 போக 60 டாலர், ஆக 6 சென்ட். அக்டோபரில் நாங்கள் ஓட்டியது 990. பில் 158 டாலர் 40 சென்ட். பத்து யூனிட் மிச்சம் பிடித்ததற்குத் தண்டனை 98 டாலர்! அந்த மாதம் முழுக்க விளக்கை அணை, விசிறியை அணை என்று பிள்ளைகளை விரட்டியது நான்தான். சிக்கனத்துக்கு எதிராகவே தீட்டிய திட்டம் அது. டெக்ஸஸில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்று ஒரு தாள் கொடுத்தே ஆக வேண்டும், அதில் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான சராசரி விலை மூன்றும் இருக்கும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்ல திட்டம். ஆயிரத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் ஓடிவிடுங்கள்.

இதைவிட மோசமானது சந்தை விலைக்கே கரன்ட் தருகிற திட்டம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்ஸஸ் மொத்த விற்பனை விலை யூனிட்டுக்கு 9 டாலர் உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. 9 சென்ட் இல்லை, 9 டாலர். கிரிட்டி என்ற கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது, அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. டிப்ளாய்மென்ட் நேரத்தில் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர் விலை நிலையாக இருக்கிற திட்டம் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்பது என் கட்சி.

கழன்று வருவது எப்படி? ராணுவத்தில் இருப்பவர்களுக்கான எஸ்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பி.சி.எஸ். (ஊர் மாற்றல்) ஆர்டரோ 90 நாளுக்குக் குறையாத டிப்ளாய்மென்ட் ஆர்டரோ இருந்தால், எழுத்தில் நோட்டீசும் ஆர்டர் நகலும் கொடுத்து வாடகை ஒப்பந்தத்தை முறிக்கலாம். நோட்டீஸ் கொடுத்த பிறகு வருகிற அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் முடிந்துவிடும். இணையம், கைபேசி ஒப்பந்தங்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. டெக்ஸஸ் கரன்ட் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, வீடு மாறுகிறீர்கள் என்பதைப் புது முகவரியோடு தெரிவித்தால் இடையில் முறித்ததற்கு அபராதம் போட முடியாது, அது மாநில விதி. நிறைய பேர் தெரியாமல் 150, 200 என்று கட்டிவிட்டு வருகிறார்கள்.

மறைமுகச் செலவு என்றால் கரன்ட் கனெக்‌ஷனுக்கு டெபாசிட் (ராணுவக் குடும்பம் என்று சொல்லிப் பாருங்கள், சில இடங்களில் விட்டுவிடுவார்கள்), தண்ணீர், கழிவுநீர், குப்பை, கோடையில் புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீர். அப்புறம், வீட்டு உரிமையாளர். 15 வருஷத்து ஏசி 'ஓடுகிறது' என்றால் அவருக்கு அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் பில் உங்களுடையது. இங்கேயும் அதே கதைதான், யந்திரம் ஒருவருடையது, பில் இன்னொருவருடையது. ஆனால் ஒரு வித்தியாசம், கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களால் பேரம் பேச முடியும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். வீடு பார்க்கப் போகும்போது வெளியே இருக்கிற ஏசி யூனிட்டின் தகட்டைப் போட்டோ எடுங்கள், தயாரித்த தேதி அதில் இருக்கும். முந்தைய குடித்தனத்தின் பன்னிரண்டு மாத பில்லைக் கேளுங்கள்.

## சொந்த வீடு

ராணுவத்தினருக்கான வி.ஏ. வீட்டுக் கடனில் முன்பணம் இல்லாமல் வாங்கலாம் என்பதால் இளம் சார்ஜென்ட்கள்கூட வாங்கிவிடுகிறார்கள். கரன்ட் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்தது. யந்திரமும் உங்களுடையது, பில்லும் உங்களுடையது, அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டால் பலன் உங்களுக்கே. அந்தக் கடனோடு சேர்த்தே 6,000 டாலர் வரை மின்சிக்கன வேலைகளுக்கு வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடும் உண்டு, பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் மூன்று வருஷத்தில் ஆர்டர் வரும். முதல் தடவை முன்பணம் இல்லாமல் வாங்கினால் கடனில் 2.15 சதவீதம் ஃபண்டிங் ஃபீ, விற்கும்போது தரகு, விற்க முடியாவிட்டால் ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு வாடகைக்கு விட்டு, நடு ஜூலையில் ஏசி போய்விட்டது என்று குடித்தனக்காரர் போன் செய்வார். அன்றைக்கு நீங்கள்தான் அந்த வீட்டு உரிமையாளர். அஞ்சு வருஷமாவது அந்த ஊரில் இருப்போம், அல்லது ஓய்வு பெற்று அங்கேயே தங்குவோம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

## வெளிநாட்டுப் போஸ்டிங்

இது தனிக் கணக்கு. ஜெர்மனி, ஜப்பான் மாதிரி இடங்களில் பேஸ் உள்ளே இருப்பது இன்னும் அரசுக் குடியிருப்பு, கரன்ட் பில் என்ற பேச்சே கிடையாது. வெளியே எடுத்தால் வாடகைக்கு ஓ.எச்.ஏ. என்கிற வெளிநாட்டு வீட்டுப் படியும், கரன்ட் முதலான செலவுகளுக்கு மாதாமாதம் ஒரு நிலையான தொகையும் தருவார்கள். செலவு அதற்குக் குறைந்தால் மிச்சம் உங்களுக்கு. ஜெர்மனியில் மாதத் தவணையாக ஒரு தொகையைக் கட்டிக்கொண்டே வந்து வருஷக் கடைசியில் மீட்டர் படித்துக் கணக்கு முடிப்பார்கள். முதல் வருஷம் 'பரவாயில்லையே' என்று ரேடியேட்டரைத் திறந்து விட்டிருந்தால் அப்போது மொத்தமாகத் தெரியும். போன உடனே யூடாப் என்கிற வரிவிலக்குத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள், மின்சார பில்லில் 19 சதவீத வரி அப்படியே கழியும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | பேஸ் உள்ளே | வெளியே வாடகை | சொந்த வீடு | வெளிநாட்டில் உள்ளே |
|---|---|---|---|---|
| பில் அடிப்படை | குழுச் சராசரியைத் தாண்டியது மட்டும், அல்லது இல்லை | ஓட்டிய யூனிட் முழுக்க | ஓட்டிய யூனிட் முழுக்க | இல்லை |
| ஏசி, ஹீட்டர் பழுது | நிறுவனம் | உரிமையாளர் | நீங்கள் | அரசு |
| மாத ஏற்ற இறக்கம் | குறைவு | அதிகம் | அதிகம் | இல்லை |
| ஆர்டர் வந்தால் | சுலபம் | நோட்டீஸ், ஆர்டர் நகல் | கஷ்டம் | சுலபம் |
| எங்கே இடிக்கும் | கெட்ட யந்திரம், சின்னக் குழு | தந்திரத் திட்டம், பழைய ஏசி | விற்பனைச் செலவு | காத்திருப்பு |

## யாருக்கு எது

கைக்குழந்தை, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிற பெற்றோர், கணவனோ மனைவியோ அடிக்கடி டிப்ளாய்மென்ட் என்றால், லைவ் பில்லிங் இல்லாத பேஸில் உள்ளே வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். லைவ் பில்லிங் இருந்தாலும் பெரும்பாலும் உள்ளேதான் லாபம், ஏனென்றால் ஆறு பேர் வீட்டில் வெளியே ஓடுகிற முழு பில்லைவிட உள்ளே தாண்டுகிற பகுதி சிறியது. சராசரியைத் தாண்டுவது அவமானம் மாதிரித் தெரியும், அதை விட்டுத் தள்ளுங்கள், தொகையைப் பாருங்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போய்ச் சாயங்காலம்தான் வீடு திரும்புவீர்கள், தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்கிப் பழக்கம் உண்டு என்றால் வெளியே வாருங்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரம் 7 முதல் 10 டிகிரி ஃபாரன்ஹீட் தள்ளி வைத்தால் வருஷத்துக்கு ஹீட்டிங், கூலிங் செலவில் 10 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. உள்ளே அந்த மிச்சத்தில் பெரும்பகுதி உங்களுக்கு வராது. ஆனால் ஹீட் பம்ப் வீட்டில் குளிர்காலத்தில் இப்படி ஒரேயடியாக ஏற்றினால் அந்தக் கம்பிச்சுருள் எழுந்துவிடும், ஜாக்கிரதை.

எங்கே இருந்தாலும் சாவி வாங்குகிற அன்றைக்கே மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுங்கள். டியூப்ளெக்ஸ் என்றால் மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு மீட்டர் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் நீங்கள் கட்டப்போவது பக்கத்து வீட்டுக் கணக்கு. வாட்டர் ஹீட்டரை 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். ஃபில்டரை மாதம் ஒரு தடவை பாருங்கள், நம் வீட்டில் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து மற்ற வீடுகளைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தாளித்து முடித்ததும் எக்ஸாஸ்டை அணையுங்கள், அது குளிர்ந்த காற்றைத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் கேட்ட அந்தத் தங்கைக்கு என்ன சொன்னேன் என்றால்: மாமனார் மாமியார் அக்டோபரில் வருகிறார்கள், அவள் கணவன் ஜனவரியில் கிளம்புகிறான், வெளியே பார்த்த வீடு 1980-களில் கட்டியது, ஏசி தகடு 2006. அந்த 250 டாலர் மிச்சத்தை ஜூலை மாதமே சாப்பிட்டுவிடும். வெயிட்டிங் லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு, அதுவரை மாத ஒப்பந்தத்தில் ஒரு அபார்ட்மென்ட் பார் என்றேன். நேற்று பராமரிப்பு விவரத்தை வாங்கி அனுப்பியிருக்கிறாள், பதினாலு பக்கம். ஏழாம் பக்கத்தில் புது ஹீட் பம்ப் போட்டதாக இருக்கிறது. போய் வெளியே யூனிட் தகட்டில் தேதியைப் பார்த்துவிட்டுச் சொல் என்று திருப்பி எழுதியிருக்கிறேன்.